அருமைநாயகத்தைப் பற்றி உலகம்மாள் எழுதியவை

தொலைக்காட்சித் தொடர் நடிகர் அருமைநாயகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, சாலிகிராமத்தில் தன் வீட்டு இரண்டாம் மாடி பால்கனியில் நின்றபடி மரமானார். செய்தித்தாளின் ஞாயிறு இணைப்பைப் பிடித்துக்கொண்டு, பக்கம் பக்கமாகப் புரட்டி, ஆறாம் பக்கத்துக்கு வந்து, அதில் ஒரு பத்தியைப் படித்து, அதையே இன்னொரு முறை படித்து, மூன்றாம் முறை படிக்கத் தொடங்கியபோது காலில் ஆரம்பித்தது இடுப்பைக் கடந்து கழுத்துக்கு ஏறிக் கண்ணில் முடிந்தது. உள்ளே சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவர் மனைவி எஸ்தர், "என்னங்க, காபி ஆறிப்போச்சு" என்று மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, ஏதோ கோபம் போலிருக்கிறது என்று வெளியே வந்து தோளைத் தட்டினாள். கதவைத் தட்டினால் வருகிற சத்தம் வந்தது. இன்னொரு முறை தட்டிப் பார்த்தாள். பிறகு அவர் விரல்களுக்கு இடையிலிருந்து பேப்பரை மெல்ல உருவி ஆறாம் பக்கத்தைப் படித்தாள்.

"ஏழரை மணித் தொடரில் மூத்த அண்ணனாக வரும் அருமைநாயகம் ஒரு மரக்கட்டை. ஆயிரம் எபிசோடுகளாக அவர் நின்ற இடத்தில் ஒரு மரக்கட்டையை நிறுத்திவைத்திருந்தாலும் தொடர் எதையும் இழந்திருக்காது" என்று அங்கே இருந்தது. எழுதியவர் உலகம்மாள்.

உலகம்மாள் தென்காசிக்காரி. இருபத்தாறு வருஷங்களுக்கு முன்னால் ஒரு பெட்டி நிறையப் புத்தகங்களோடு சென்னைக்கு வந்து, எந்த அலுவலகத்திலும் நாற்காலி கேட்காமல், ஒரு மாத இதழுக்குப் புத்தகங்களைப் பற்றியும் ஒரு வார இதழுக்குச் சினிமாவைப் பற்றியும் ஞாயிறு இணைப்புக்குத் தொலைக்காட்சியைப் பற்றியும் வீட்டிலிருந்தே எழுதி அனுப்பிக்கொண்டிருந்தாள். தான் எழுதுகிறவர்களின் வீட்டுக் கல்யாணத்துக்குப் போக மாட்டாள், அவர்கள் கொடுக்கும் தேநீரைக் குடிக்க மாட்டாள், குறை சொல்வதற்கு முன் ஒரு புத்தகத்தை இரண்டு முறை படிப்பாள். பொய் எழுதியதே இல்லை என்பது அவளுடைய ஒரே கர்வம். எத்தனையோ பேரைக் கல் என்றும் பொம்மை என்றும் மரம் என்றும் அவள் எழுதியிருக்கிறாள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அருமைநாயகத்துக்கு மட்டும் ஆனது. ஏன் அவருக்கு மட்டும் என்று அந்தத் தெருவில் யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அவர்களுக்கு உடனடியாகக் கேட்க வேறு கேள்விகள் இருந்தன.

படி வழியாக இறக்க முடியுமா, லிப்ட் தாங்குமா, மழையில் நனையலாமா, கரையான் வருமா என்று கேட்டார்கள். கீழ்வீட்டு டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, இது என் படிப்பில் இல்லை என்று கீழே இறங்கிப் போனார். சர்ச்சிலிருந்து போதகர் வந்து, தலையில் கைவைத்து ஜெபித்து, கையில் ஏறிய சிராயைக் கடித்துப் பிடுங்கிக்கொண்டே படி இறங்கினார். முதல் வாரம் பக்கத்துத் தெருக்களிலிருந்தெல்லாம் பார்க்க வந்தார்கள், இரண்டாம் வாரம் வந்தவர்கள் செருப்பைக் கழற்றாமலே வந்தார்கள், மூன்றாம் வாரம் எதிர் வீட்டம்மாள், "எஸ்தர், தப்பா நினைக்காதே, உங்க பால்கனியிலதானே வெயில் நல்லா அடிக்குது" என்று இரண்டு ஈரத்துண்டுகளை அவர் தோளில் போட்டுவிட்டுப் போனாள். எஸ்தர் அந்தத் துண்டுகளை எடுத்து அலசிப் பிழிந்து எதிர் வீட்டுக் கதவில் தொங்கவிட்டாள். அன்றைக்கு மட்டும் அழுதாள்.

தொடரின் புரொடக்‌ஷன் மேனேஜர் கோதண்டம் நாலாம் வாரம் வந்தார். கூடவே செட் ஆசாரி ஏழுமலையையும் அழைத்து வந்திருந்தார். ஏழுமலை அருமைநாயகத்தின் முழங்கையில் நகத்தால் சுரண்டி, மோந்து, கன்னத்தைத் தட்டி, "வேங்கை. நல்லா வைரம் பாய்ஞ்ச கட்டை. கரையான் கிட்டவே வராது" என்றார்.

"பார்த்தீங்களாம்மா, கவலையே வேணாம்" என்றார் கோதண்டம். "ஸாருக்கு இன்னும் முந்நூறு எபிசோடு பாக்கி இருக்கு. வேன் எடுத்துட்டு வந்திருக்கோம்."

"எப்படிங்க நடிப்பாக?" என்றாள் எஸ்தர்.

"அம்மா, மனசுல வச்சுக்காதீங்க. ஸாரு ஏற்கெனவே இப்படித்தான் நிப்பாரு. டப்பிங்குக்கு ஆள் இருக்கு."

அப்படி அவர் வேலைக்குப் போனார். காலையில் வேன் வந்து கொண்டுபோனது, சாயங்காலம் கொண்டுவந்து விட்டது. பிறகு வாரத்துக்கு ஒருமுறை கொண்டுவந்தது. பிறகு ஏற்றி இறக்குவது சிரமம் என்று செட்டுக்குப் பின்னாலிருந்த கிடங்கிலேயே, கோயில் தூண்களுக்கும் பிளைவுட் சுவர்களுக்கும் நடுவில் நிறுத்திக்கொண்டார்கள். மேக்கப்காரர் பவுடர் போடுவதை விட்டுவிட்டு வார்னிஷ் அடித்தார். கதாநாயகி ஷாட் இடைவேளையில் தன் கைப்பையை அவர் முழங்கையில் மாட்டினாள். விருந்தாளிகளை வரவேற்கும் காட்சி ஒன்றுக்காக, பேப்பரைப் பிடித்த வாக்கில் விரிந்திருந்த அவர் வலது கையில் ஒரு தாம்பாளத்தை வைத்து, வழுக்காமல் இருக்க உள்ளங்கையில் ஆணி அடித்தார்கள். தொடருக்கு அந்த மாதத்திலிருந்து பார்வையாளர்கள் கூடினார்கள். அண்ணன் இப்போதெல்லாம் என்ன அடக்கமாக நடிக்கிறார், துக்கத்தை எப்படி உள்ளேயே வைத்துக்கொள்கிறார் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள், பெண்கள் கடிதம் எழுதினார்கள், ஒரு சங்கத்தார் கிடங்குக்கே வந்து பொன்னாடை போர்த்தினார்கள். அது நழுவி விழுந்தபோது அவர் அதைக் குனிந்து எடுக்காததைக்கூட ஒருவர் தன்னடக்கம் என்று மேடையில் சொன்னார்.

எஸ்தர் தினமும் மத்தியானம் கிடங்குக்குப் போய், எண்ணெய்த் துணியால் அவரைத் தலையிலிருந்து கால்வரை துடைத்துவிட்டு வருவாள். ஒருநாள் அங்கிருந்து வீட்டுக்குத் திரும்பாமல், மூன்று தெரு தள்ளி உலகம்மாளின் வீட்டைத் தேடிக்கொண்டு போனாள்.

கதவைத் திறந்த உலகம்மாளுக்கு ஆளைத் தெரியவில்லை. "நான் அருமைநாயகம் வீட்டுக்காரி" என்றதும் தெரிந்தது. செய்தி அவள் காதுக்கு வராமல் இல்லை; வந்த நாளிலிருந்து அவள் அதை வேறு யாருக்கோ நடந்ததைப் போல வைத்துக்கொண்டிருந்தாள்.

"உட்காருங்க" என்றாள். "நான் எழுதினதுல பொய் ஒண்ணும் இல்லம்மா. அதை முதல்லயே சொல்லிடுதேன்."

"பொய்னு சொல்ல வரல மேடம்." எஸ்தர் மடியிலிருந்த பிஸ்கட் டின்னைத் திறந்தாள். உள்ளே கத்தரித்த பேப்பர் துண்டுகள் வருஷவாரியாக நூல்போட்டுக் கட்டியிருந்தன. எல்லாம் உலகம்மாள் எழுதியவை. "பதினஞ்சு வருஷமா அவுக வெட்டி வச்சிருக்காக. நீங்க நல்லா இருக்குன்னு எழுதின புஸ்தகத்தையெல்லாம் வாங்கிருவாக. ஷூட்டிங்ல ஓரமா உக்காந்து அதைத்தான் படிப்பாக. அந்த அம்மா ஒரு நாள் என்னைப் பத்தி ஒரு வரி எழுதணும் எஸ்தர், அப்படிம்பாக. எழுதிட்டீங்க."

உலகம்மாள் அந்த டின்னை மெல்ல மூடினாள்.

"வேற ஒண்ணும் வேண்டாம், இன்னொரு வரி எழுதுங்க" என்றாள் எஸ்தர். "உயிரோட நடிக்காகன்னு."

இருபத்தாறு வருஷங்களில் முதல் முறையாக உலகம்மாள் தான் நம்பாத ஒன்றை எழுதினாள். அருமைநாயகத்தின் நடிப்பில் உயிரோட்டம் ததும்புகிறது என்று எழுதி அனுப்பிவிட்டு அன்று முழுவதும் சாப்பிடாமல் கிடந்தாள். ஞாயிற்றுக்கிழமை அது அச்சில் வந்தது. எஸ்தர் கிடங்கில் காலையிலிருந்து சாயங்காலம்வரை அவர் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. அது பொய் என்று எழுதியவளுக்குத் தெரிந்திருந்தது, மரத்துக்கும் தெரிந்திருந்தது.

"அப்ப நிஜமாவே ஏதாவது இருக்கான்னு பார்க்கணும்" என்றாள் உலகம்மாள். "முதல்லருந்து பார்க்கேன்."

முதல் எபிசோடிலிருந்து பார்த்தாள். மாத இதழுக்கு எழுத வேண்டிய புத்தகங்கள் உறை பிரிக்காமல் மேசையில் உயர்ந்தன, வார இதழ்க்காரர்கள் இரண்டு முறை கேட்டுவிட்டு வேறொருவரிடம் போனார்கள், அவள் ஜன்னலைச் சாத்திவிட்டு அருமைநாயகத்தைப் பார்த்தாள். தம்பி கல்யாணத்தில் நின்றார், அம்மா செத்த வீட்டில் நின்றார், சொத்தைப் பிரித்தபோது நின்றார். வசனம் வந்தால் சொன்னார். ஐநூறு எபிசோடுகள் பார்த்தபின் உலகம்மாளுக்குத் தான் எழுதியது எவ்வளவு சரி என்று தெரிந்தது, அதில் அவளுக்கு முன்பு வந்திருக்கக்கூடிய திருப்தி வரவில்லை. அறுநூற்றுப் பதினாலாவது எபிசோடில் ஓர் ஆஸ்பத்திரிக் காட்சி. கட்டிலில் தங்கை படுத்திருக்கிறாள், காமிரா அவள் முகத்தில் இருக்கிறது, எல்லோரும் அவளுக்காக அழுகிறார்கள், அருமைநாயகம் கால்மாட்டில் பாதி மட்டும் தெரிய நிற்கிறார். போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த தங்கையின் பாதத்தை அவருடைய வலது கை, யாரும் சொல்லாமல், அவரும் அறியாமல், போர்வையை இழுத்து மூடி, ஒரு நொடி அதன்மேல் இருந்துவிட்டு விலகுகிறது.

உலகம்மாள் அதை ஒன்பது முறை பார்த்தாள். பிறகு எழுதினாள்: "ஒரு பாதத்துக்குக் குளிருமே என்று அந்தக் கை நினைத்தது. அந்தத் தொடரில் நான் பார்த்த ஒரே உயிருள்ள பொருள் அருமைநாயகத்தின் வலது கை."

ஞாயிறு காலை பேப்பரில் அதைப் படித்த எஸ்தர் ஆட்டோ பிடித்துக் கிடங்குக்கு ஓடினாள். கை உயிரோடு இருந்தது. மணிக்கட்டுவரை சதையும் நரம்பும் நகமுமாக இருந்தது; அதற்கு மேல் மரம்தான் என்றாலும், முழங்கையும் தோளும் கீல் போட்டதைப் போல அது இழுத்த பக்கம் திரும்பின. உள்ளங்கையில் தாம்பாளத்தோடு சேர்த்து அடித்த ஆணியும் இருந்தது. அது துடித்த துடிப்பில் தாம்பாளம் தூணில் மோதி மோதிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது, ரத்தம் வேங்கை முழங்கை வழியாக வழிந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது, காவல்காரர் அது பூனை என்று நினைத்து உள்ளே வராமலே இருந்திருக்கிறார். ஏழுமலை வந்து குறடு போட்டு ஆணியைப் பிடுங்கினார். எஸ்தர் தன் முந்தானையைக் கிழித்துக் கட்டினாள். அந்தக் கை அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு அன்று பொழுது சாயும்வரை விடவில்லை.

காது மரமாக இருந்ததால் சொன்னால் கேட்காது. எஸ்தர் அவர் உள்ளங்கையில், காயத்தைச் சுற்றி, விரலால் எழுத்துக்களை எழுதிக் காட்டினாள். அவர் பேனா வாங்கிப் பதில் எழுதினார். "எஸ்தரா" என்று முதலில் எழுதினார். "இருட்டா இருக்கு" என்று பிறகு எழுதினார்.

கோதண்டத்துக்குத்தான் இது தொல்லையாகப் போனது. அண்ணன் கல் போல் நிற்க வேண்டிய காட்சிகளில் கை மட்டும் எதையாவது தடவித் தேடியது. கதாநாயகியின் கைப்பையை மாட்டப் போனால் தட்டிவிட்டது. அதனால் அதைச் சால்வைக்குள் விட்டு முதுகோடு சேர்த்துக் கட்டி வைத்தார்கள்.

உலகம்மாள் தன் வாழ்க்கையில் முதல் முறையாகத் தான் விமரிசனம் எழுதிய ஒருவரைப் பார்க்கப் போனாள். எஸ்தர் அவிழ்த்துவிட்ட கையைப் பிடித்து, அதன் உள்ளங்கையில் தன் பெயரை எழுதினாள். கை வெடுக்கென்று பின்னால் போனது. கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே முன்னால் வந்து பேனா கேட்டது.

"நீங்க எழுதினது சரி" என்று எழுதியது. நிறுத்தி, யோசித்து, மறுபடி எழுதியது: "ஆனா மரக்கட்டைங்கிறதுக்கு வேற ஒரு வார்த்தை இருந்திருக்கும். உங்களுக்குக் கிடைச்சிருக்கும்."

உலகம்மாள் வீட்டுக்குப் போய் மிச்சமிருந்த எபிசோடுகளைப் பார்த்தாள். கண்ணைத் தேடினாள், கண்ணில் ஒன்றும் இல்லை. குரலைத் தேடினாள், குரலிலும் இல்லை. "எங்கயாச்சும் கொஞ்சம்?" என்று எஸ்தர் வாரம் தவறாமல் வந்து கேட்பாள். "இல்ல எஸ்தர்" என்பாள் உலகம்மாள். "இருக்குன்னு எழுதினா நடக்காது. நாம பார்த்துட்டோமே." எஸ்தர் தலையை ஆட்டிவிட்டுப் போவாள். அவள் ஒருமுறையாவது திட்டியிருந்தால் உலகம்மாளுக்கு நன்றாக இருந்திருக்கும்.

அந்தச் சமயத்தில், ஒப்புக்கொண்ட முந்நூறு எபிசோடும் தீரப்போகிறது என்று சேனல்காரர்கள் தொடரை முடித்துக்கொள்ளச் சொன்னார்கள். கடைசி எபிசோடில் மூத்த அண்ணன் சாக வேண்டும் என்று முடிவானது, ஏனென்றால் ஊரில் எல்லோருக்கும் பிடித்தவராக இப்போது அவர்தான் இருந்தார். கோதண்டம் எஸ்தரின் வீட்டுக்கு வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, டைரக்டர் சிதையைக் கிட்டத்தில் காட்ட விரும்புகிறார், பொம்மை வைத்தால் பொம்மை என்று தெரிந்துவிடும், நிஜ முகம் இருக்கும்போது வேறு எதற்கு என்று கேட்கிறார் என்றார்.

எஸ்தர் எழுந்து நின்றாள். "எரிக்கப் போறீங்களா? எங்க வீட்டுக்காரரையா?"

"கை பத்திரமாம்மா. கையை வெளிய வச்சு ஈரச் சாக்கு சுத்திடுவோம். ஏழுமலை ரம்பத்தோட பக்கத்துலயே இருப்பாரு, நெருப்பு வர்றதுக்குள்ள மணிக்கட்டோட அறுத்து உங்ககிட்டயே குடுத்துடுவோம். மிச்சம் எல்லாம் கட்டைதானம்மா. நீங்களே எத்தனை நாளைக்கு எண்ணெய் தடவுவீங்க?"

"வெளிய போங்க" என்றாள் எஸ்தர்.

கோதண்டம் வெளியே போய், நேராகக் கிடங்குக்குப் போனார். எஸ்தர் பின்னாலேயே ஓடினாள். அவள் போய்ச் சேருவதற்குள் அவர் கயிற்றை அவிழ்த்து, அந்த உள்ளங்கையில் தன் விரலால் எழுதிக்கொண்டிருந்தார். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, ஒன்றையும் மறைக்காமல் எழுதினார். கை அசையாமல் வாங்கிக்கொண்டது. பிறகு பேனா கேட்டது.

"முழு எபிசோடும் என்னைப் பத்தியா?"

"முழுசும் உங்களைப் பத்திதான் ஸார்" என்று எழுதினார் கோதண்டம். "க்ளோஸப் நாப்பது செகண்ட்."

எஸ்தர் அவரைத் தள்ளிவிட்டு அந்தக் கையைப் பிடித்தாள். வேண்டாம் என்று எழுதினாள், வேண்டாம் வேண்டாம் என்று எழுதினாள், நான் உங்களை இப்படியே வச்சுப் பார்த்துக்கிடுதேன் என்று எழுதினாள். பாதி எழுதுகையில் கை விரல்களை மடக்கி மூடிக்கொண்டது. மறுபடி திறந்தபோது பேனாவைத் தடவி எடுத்து, காகிதத்தில் "சரி" என்று எழுதியது. ஆயிரத்து முந்நூறு எபிசோடுகளில் யாரும் அவருக்கு நாற்பது நொடி கொடுத்ததில்லை.

திங்கட்கிழமை படப்பிடிப்பு என்றார்கள். வியாழக்கிழமை செட்டில் நெருப்பில்லாமல் ஒத்திகை பார்த்தார்கள். எஸ்தர் கெஞ்சி அழைத்ததால் உலகம்மாளும் போய் ஓரத்தில் நின்றாள். விறகின்மேல் அருமைநாயகத்தைப் படுக்க வைத்து, தங்கையாக நடித்தவளைச் சிதையின்மேல் விழுந்து அழச் சொன்னார்கள். அவள் அலுப்போடு விழுந்து, கண்ணில் போட்ட கிளிசரின் உறுத்தியதால் நிஜமாகவே முகம் சுளித்து, அவர் நெஞ்சில் கன்னத்தை வைத்தாள். கயிற்றிலிருந்து நழுவிய வலது கை அவள் முகத்தைத் தடவிக் கண்டுபிடித்தது. ஈரத்தை உணர்ந்தது. ஈரத்தைத் துடைத்தது. பிறகு, தான் செத்தவன் என்பது நினைவுக்கு வந்ததைப் போல, துடைத்தபடியே தளர்ந்து, விரல் விரலாகச் செத்து, விறகிலிருந்து வெளியே தொங்கியது. தங்கையாக நடித்தவள் எழுந்து தூரமாகப் போய் நின்றுகொண்டாள்.

உலகம்மாள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே அவளுக்குச் சந்தோஷம் வந்தது, ஏனென்றால் இப்போது எழுதுவதற்கு உண்மை இருந்தது. எஸ்தரின் தோளைப் பிடித்து, "நான் எழுதிடுதேன். ஞாயித்துக்கிழமை வந்துரும். திங்கக்கிழமை இவங்க கொளுத்த வரும்போது முழு மனுஷனா எந்திரிச்சு உக்காந்திருப்பாரு. பொறுத்துக்கோ" என்றாள். அன்று மத்தியானமே எழுதினாள். "ஒரு கையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் முழுதாக இருப்பதையும் முழுதாகச் சாவதையும் பார்த்தேன். அருமைநாயகத்தை மரக்கட்டை என்று எழுதியவள் நான். அவர் உச்சி முதல் உள்ளங்கால்வரை உயிரோடிருக்கிறார்." இருபத்தாறு வருஷங்களில் அவள் எழுதிய எல்லாவற்றையும்விட அது உண்மையாக இருந்தது.

டைரக்டருக்கு விடியற்காலை வெளிச்சம் வேண்டியிருந்தது. திங்கட்கிழமை மேகமாக இருக்கும் என்று போனில் காட்டியது. சனிக்கிழமை மாலை படப்பிடிப்பை ஒருநாள் முன்னால் இழுத்தார்கள்.

ஞாயிறு காலை செங்குன்றத்துக்கு அப்பால் ஓர் ஏரிக்கரையில் சிதை அடுக்கியிருந்தது. வேன் வந்து எழுப்பித்தான் எஸ்தருக்கே தெரியும். அவள் உலகம்மாளுக்கு வண்டியிலிருந்தே போன் செய்தாள். உலகம்மாள் கிளம்பிவிட்டாள், ஆனால் தூரம் இருந்தது. எஸ்தர் கோதண்டத்தின் காலில் விழுந்தாள்.

"ஒரு மணி நேரம் பொறுங்க சார். பேப்பர் வந்துரட்டும். அவுக எந்திரிச்சிருவாக."

"வெளிச்சம் போயிடும்மா" என்றார் கோதண்டம். கொடுமைக்காரர் இல்லை, நிஜமாகவே வெளிச்சத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். "ஸாரே ஓகேன்னுட்டாரு. நீங்க ஏன் அவரு சான்ஸைக் கெடுக்கறீங்க?"

எஸ்தர் ஓடிப்போய் அந்தக் கையில் ஒரு மணி நேரம் பொறுங்க என்று எழுதினாள். கை அவள் கன்னத்தைத் தேடித் தட்டிக்கொடுத்துவிட்டு, கட்டைவிரலை உயர்த்திக் காட்டியது. ஏழுமலை அதற்கு ஈரச் சாக்கைச் சுற்றினார். ஆறு பத்துக்கு வானம் அவர்கள் விரும்பிய நிறத்துக்கு வந்தது. கால்மாட்டில் கொள்ளி வைத்து, க்ளோஸப்புக்காக நெருப்பு மெல்லப் பிடித்து ஏறும்வரை காத்திருந்தார்கள்.

சாலிகிராமத்தில் பேப்பர்காரர் சைக்கிளை நிறுத்தாமலே ஒவ்வொரு வாசலாக வீசிக்கொண்டு போன நேரம் ஆறு இருபத்தைந்து.

சிதையின் பக்கவாட்டில் புகைக்குள் குனிந்திருந்த ஏழுமலை, சாக்கை விலக்கி மணிக்கட்டில் ரம்பத்தை வைத்து, எங்கே சதை முடிந்து மரம் தொடங்குகிறது என்று பார்த்தார். அந்தக் கோடு இல்லை. முழங்கையைப் பார்த்தார், தோளைப் பார்த்தார், எங்கும் இல்லை. வார்னிஷ் சுருண்டு உரிந்த இடத்தில் வியர்த்திருந்தது. அவர் வாயைத் திறந்தபோது அருமைநாயகத்தின் கை அவர் மணிக்கட்டைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தியது. பேசாதே என்று சொல்லும் அழுத்து. கண் மூடியபடி இருந்தது. முகத்தில் ஒரு நரம்பு அசையவில்லை. நெருப்பு அவர் முழங்காலில் ஏறியிருந்தது. நாற்பதில் இருபத்திரண்டாவது நொடி ஓடிக்கொண்டிருந்தது.

ஏழுமலைக்கு நாக்கு திரும்புவதற்குள் இன்னும் சில நொடிகள் போயின. "ஆளு! ஆளு! உசுரோட இருக்காரு!" என்று கத்தினார். எஸ்தர் அதற்கு முன்பே ஓடத் தொடங்கியிருந்தாள். மானிட்டர் முன்னால் கண்கலங்கி உட்கார்ந்திருந்த டைரக்டர் திரும்பாமலே, "யாரும் பிரேமுக்குள்ள போகாதீங்க, இன்னும் பத்து செகண்ட்" என்றார். ஏழுமலையும் எஸ்தருமாக எரிகிற விறகுக்குள் கையை விட்டு அவரை இழுத்துப் போட்டார்கள். மண்ணில் விழுந்தபோதும் அவர் கத்தவில்லை. யாரோ கட் என்று சொன்ன பிறகுதான் கத்தினார்.

உலகம்மாள் ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தபோது அவரை ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார். புதன்கிழமை காலை நினைவு வந்தபோது, மரமான நாளிலிருந்து முதல் முறையாகத் தன் வாயால் பேசினார்.

"அந்த அம்மா பார்த்தாங்களா?"

"வெள்ளிக்கிழமைதான் போடுவாகளாம்" என்றாள் எஸ்தர். "வெள்ளிக்கிழமை பார்ப்பாக."

அவர் வெள்ளிக்கிழமைவரை காத்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. அன்று சாயங்காலமே போய்விட்டார். விசாரிக்க வந்த போலீஸ்காரர்கள், கட்டைக்கு நெருப்பு வைத்ததாக எல்லோரும் ஒரே மாதிரி சொன்னதால், அதற்கு என்ன பிரிவு என்று தெரியாமல் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். எஸ்தர் கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்தாள். வெள்ளிக்கிழமை ஏழரை மணிக்குத் தெருவில் ஒரு வண்டி ஓடவில்லை. நாற்பது நொடிக்குப் பதிலாக முப்பத்தொரு நொடிதான் கிடைத்திருந்தது, அதை மெதுவாக ஓட்டி நாற்பதாக்கியிருந்தார்கள். ஜனங்கள் அழுதார்கள், நெருப்பை எப்படி அவ்வளவு தத்ரூபமாக வரைந்தார்கள் என்று கம்ப்யூட்டர்காரர்களைப் பாராட்டினார்கள்.

சனிக்கிழமை காலை எஸ்தர் உலகம்மாளின் வீட்டுக்குப் போனாள். இரண்டு கைகளிலும் கட்டுப் போட்டிருந்தது.

"பார்த்தீங்களாக்கா?"

"பார்த்தேன்."

"நல்லா நடிச்சாகளா?"

உலகம்மாள் அந்த முப்பத்தொரு நொடிகளை இருட்டறையில் எத்தனை முறை பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது. எந்த நொடியில் மரம் முடிந்தது, எந்த நொடியில் மனிதன் மரமாக நடிக்கத் தொடங்கினான் என்று தேடிப் பார்த்தாள். கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த அளவுக்கு ஒரு நடிப்பை அவள் பார்த்ததில்லை.

"யாரும் அப்படி நடிச்சதில்ல எஸ்தர்" என்றாள். "எழுதியாச்சு. நாளைக்கு வரும்."

எஸ்தர் "அப்ப சரி" என்று எழுந்துகொண்டாள்.

அன்று மத்தியானம் ஞாயிறு இணைப்பின் ஆசிரியர் உலகம்மாளுக்குப் போன் செய்தார். தொடரை வெற்றியாக்கிய ரசிகர்களுக்கு நன்றி சொல்லிச் சேனல்காரர்கள் ஆறாம் பக்கம் முழுவதற்கும் விளம்பரம் கொடுத்திருக்கிறார்கள், இந்த வாரம் பத்தியை எடுக்கவேண்டியதாகிவிட்டது, அடுத்த வாரம் போட்டால் பழசாகிவிடும், வேறு ஏதாவது புதிதாகப் பார்த்து எழுதிக்கொடுங்கள் என்றார். உலகம்மாள் கெஞ்சிப் பார்த்தாள். கெஞ்சிப் பழக்கமில்லாததால் அவளுக்கு அது சரியாக வரவில்லை.

ஞாயிறு விடிந்ததும் எஸ்தர் முனைக் கடைக்குப் போய் நின்று, பேப்பர் கட்டுப் பிரிக்கும்வரை காத்திருந்து, முதல் பிரதியை வாங்கி அங்கேயே பிரித்தாள். கட்டுப் போட்ட விரல்களால் ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். ஆறாம் பக்கம் முழுவதும் சிதை எரிந்துகொண்டிருந்தது. நன்றி நன்றி நன்றி என்று மேலே போட்டிருந்தது. கடைசிவரை புரட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து புரட்டினாள்.

"அண்ணாச்சி, இதுல ஒரு தாள் விட்டுப்போச்சு போல" என்றாள்.

கடைக்காரர் வாங்கி, எச்சில் தொட்டு, ஒன்று இரண்டு என்று எண்ணிப் பார்த்தார். வேறொரு பிரதியை எடுத்துப் பக்கத்தில் வைத்து அதையும் எண்ணினார்.

"இல்ல தாயி, எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று மடித்து அவளிடமே நீட்டினார்.